மாத்திரை நெஞ்சுக்கு, நடுக்கம் கைக்கு: மருந்துக்கடைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஏற்பி பற்றி ஒரு வழிகாட்டி

"மாத்திரை நெஞ்சுக்குத்தானே குட்த்தாங்க? கை இன்னாத்துக்கு நடுங்குது நைனா?"

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர் கேட்டது. வீஸிங்குக்காக சால்பியூட்டமால் 4 மி.கி. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது கத்தி பிசகி, ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. நான் அப்போது தண்டையார்பேட்டைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். டி.பார்ம் பரீட்சையில் அந்த மருந்தின் பக்கவிளைவுகளை வரிசையாக எழுதி மார்க் வாங்கியவன். "அது சைடு எஃபெக்ட் அக்கா" என்றேன் பெரிய மனுஷன் மாதிரி.

"அதான் தெரியுதே. ஏன்னு கேக்கறேன்."

பதில் இல்லை. பட்டியல் மனப்பாடம், காரணம் தெரியாது. இப்போது என் கடைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் அப்படியேதான் வருகிறார்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் பத்துப் பக்கவிளைவு, நூறு மாத்திரைக்கு ஆயிரம் என்று உருப்போட்டு, கவுண்டரில் நின்றதும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி இதுதான். எந்த அட்டை கைக்கு வந்தாலும் சில கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

முதல் படி: இது போய் உட்காரும் இடம் எது?

வகுப்பில் ரிசெப்டார் என்பார்கள், பாடப் புத்தகத்தில் ஏற்பி. செல்லின் மேலோ உள்ளேயோ இருக்கும் ஒரு புரதம். உடம்பு தன் சேதிகளை வாங்கிக்கொள்ள வைத்திருப்பது அது. அட்ரினலின், ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், இன்சுலின் எல்லாம் உடம்பின் சொந்தச் சேதிக்காரர்கள். மருந்து அவர்களின் சாயலில் வந்து அந்த இடத்தில் உட்காருகிறது.

1905-இல் கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி கோழித் தசையில் நிக்கோட்டினை வைத்துப் பார்த்தார். தசை சுருங்கியது. குராரே என்ற அம்பு விஷத்தைச் சேர்த்தால் அந்தச் சுருக்கம் அடங்கியது. தசைக்குப் போகும் நரம்பு செத்துப்போன பிறகும் நிக்கோட்டின் தன் வேலையைச் செய்தது. அப்படியானால் அதை வாங்கிக்கொள்ளும் ஏதோ ஒன்று தசையிலேயே இருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு 'ஏற்கும் பொருள்' என்று பெயர் வைத்தார். ஜெர்மனியில் பால் எர்லிக் ஏறக்குறைய அதே காலத்தில், ஒட்டாத பொருள் வேலை செய்யாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் ஏற்பியைக் கண்ணால் கண்டதில்லை. நடந்ததைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

இதை உங்கள் வீட்டுச் சமையல்கட்டிலேயே பார்க்கலாம். பச்சை மிளகாயைக் கடித்தால் எரிகிறது. நாக்கு வெந்துவிட்டதா? இல்லை. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொள்ளும் ஓர் ஏற்பி நாக்கில் இருக்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் அதில் உட்கார்ந்து சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் சேதி 'கொதிக்குது' என்பதுதான். 1997-இல் இந்த ஏற்பியைப் பிடித்துக் காட்டிய டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. தைலத்தில் இருக்கும் மென்தால் குளிர்ச்சிக்கான ஏற்பியில் இதே வேலையைச் செய்கிறது. தைலத்தைத் தடவிய இடத்தில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தாலும் அங்கே ஐஸ் கிடையாது.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்தால் உடம்புக்குப் புது வேலை எதையும் கற்றுத் தர முடியாது. ஏற்கெனவே இருக்கும் வேலையைத் தூண்டலாம், தடுக்கலாம்.

எல்லா மருந்தும் ஏற்பியில் உட்காருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்யூப்ரோஃபென் என்சைமில் உட்காருகிறது. அம்லோடிபின் கால்சியம் போகும் வாய்க்காலை அடைக்கிறது. பான்டோப்ரசோல் இரைப்பையில் அமிலம் இறைக்கும் பம்பைப் பூட்டுகிறது. ஜெலுசில் எதிலும் உட்காராது, இருக்கும் அமிலத்தை நேரடியாக மட்டுப்படுத்தும். ஆன்டிபயாடிக்கின் இடம் கிருமியிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. இடம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்.

இரண்டாம் படி: உட்கார்ந்து என்ன செய்கிறது?

பூட்டும் சாவியும் என்று எல்லாப் புத்தகத்திலும் படம் போட்டிருப்பார்கள். பாதிதான் புரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் மின்ட்டிலிருந்து திருவொற்றியூர்ப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவைச் சொல்வேன். ஆட்டோவின் சீட்டுதான் ஏற்பி. அன்றைய கலெக்‌ஷன்தான் உடம்பில் தெரியும் விளைவு.

ஏறி உட்கார்ந்து காசு கொடுப்பவர் அகோனிஸ்ட். சால்பியூட்டமால் அப்படி. பீட்டா 2 ஏற்பியில் உட்கார்ந்து, அட்ரினலின் சொல்லும் அதே சேதியைச் சொல்கிறது. மூச்சுக்குழாய்த் தசை தளர்கிறது, மூச்சு விட முடிகிறது.

ஏறி உட்கார்ந்து காசு தராமல் சீட்டை மட்டும் அடைத்துக்கொண்டு வருபவர் ஆன்டகோனிஸ்ட். செட்ரிசின் ஹிஸ்டமினின் எச்1 சீட்டில் உட்காருகிறது. தானாகச் சேதி எதுவும் சொல்லாது. ஹிஸ்டமினுக்கு இடம் இல்லாமல் போவதால் அரிப்பும் தும்மலும் அடங்குகின்றன. நம் டீயும் இந்த ரகம்தான். நேரம் ஆக ஆக மூளையில் அடினோசின் சேர்ந்து 'களைப்பு, களைப்பு' என்று சொல்லிக்கொண்டிருக்கும். கஃபைன் அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிடும். களைப்பு அப்படியே இருக்கிறது, சேதிதான் போய்ச் சேரவில்லை.

காசு தராதவர் உட்கார்ந்திருக்கும் ஆட்டோவில், காசு தருபவர்கள் கூட்டமாக வந்து நெருக்கினால் என்ன ஆகும்? அவர் இறங்க வேண்டியதுதான். இதுதான் போட்டித் தடுப்பு. எந்தப் பக்கம் ஆள் அதிகமோ, யார் அழுத்தமாக உட்காருகிறாரோ அவர் ஜெயிப்பார். மார்ஃபின் அதிகமாகி மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஆளுக்கு, அதே சீட்டில் அழுத்தமாக உட்காரும் காசு தராத ஆளான நலோக்ஸோனைப் போட்டால் சில நிமிடத்தில் கண் விழிப்பது இப்படித்தான். ஆனால் நலோக்ஸோன் சீக்கிரம் இறங்கிப் போய்விடும். மார்ஃபின் இன்னும் தெருவிலேயே நிற்கும், திரும்ப ஏறிக்கொள்ளும். அதனால்தான் எழுந்த ஆளை உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

சிலர் சீட்டோடு ஒட்டிக்கொண்டுவிடுவார்கள். சீட்டையே மாற்றினால்தான் உண்டு. ஆஸ்பிரின், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டில் இருக்கும் என்சைமை அப்படிக் கெடுக்கிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது, புதிதாக என்சைம் செய்துகொள்ளத் தெரியாது. அதன் ஆயுள் முழுக்க, ஏறக்குறைய 10 நாள், அப்படியேதான். ஒரு நாளைக்கு 75 மி.கி. போதுமாக இருப்பதும், சில ஆபரேஷன்களுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு ரகம் அரை டிக்கெட். உட்காருவார், பாதிக் காசுதான் தருவார். பகுதி அகோனிஸ்ட் என்பது இவர். காலி ஆட்டோவில் அரை டிக்கெட் ஏறினால் டிரைவருக்கு லாபம். முழுக் காசு தருபவர்களை இறக்கிவிட்டு அரை டிக்கெட் உட்கார்ந்தால் கலெக்‌ஷன் விழும். பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்து இதேதான். போதைப் பழக்கத்திலிருந்து மீட்க உதவும் மருந்து, ஆனால் ஹெராயின் இன்னும் உடம்பில் நிறைய இருக்கும்போது கொடுத்தால் அந்த ஆளைத் துடிக்க வைத்துவிடும்.

மூன்றாம் படி: அதே சீட்டு உடம்பில் வேறு எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் காசிமேட்டு அக்காவின் பதில் இருக்கிறது. பீட்டா 2 ஏற்பி மூச்சுக்குழாயில் மட்டும் இல்லை. கை கால் தசையிலும் உண்டு. வாயில் போட்ட மாத்திரை ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. மூச்சுக்குழாயில் அது செய்தால் நிவாரணம் என்கிறோம், விரலில் செய்தால் நடுக்கம் என்கிறோம், இதயத்தில் செய்தால் படபடப்பு என்கிறோம். மருந்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பக்கவிளைவு என்று தனியாக ஒரு சரக்கு இல்லை. அதே விளைவுதான், நாம் கேட்காத இடத்தில்.

பிறகு ஏன் டாக்டர்கள் இன்ஹேலரை வற்புறுத்துகிறார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், இரண்டு பஃப் 200. அந்த மாத்திரை 4000 மைக்ரோகிராம். 20 மடங்கு. இன்ஹேலர் மருந்தை வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது, விரலுக்குப் போவது கொஞ்சம்தான். "இன்ஹேலர் பிடிச்சா பழக்கமாயிடும்" என்று எங்கள் ஏரியாவில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்தால்தான் 20 மடங்கை விழுங்குகிறார்கள்.

அக்காவின் கதை அங்கே முடியவில்லை. ஒரு வாரம் கழித்து வேறொரு மருந்துச் சீட்டோடு வந்தார். கை நடுக்கத்துக்காக யாரிடமோ காட்டியிருக்கிறார், வீஸிங் இருப்பதைச் சொல்லவில்லை. சீட்டில் புரோப்ரனோலால் 20 மி.கி. நான் டிராயரைத் திறந்து அட்டையை எடுத்துவிட்டேன். பின்னால் நின்ற எங்கள் அண்ணன், கடையின் சீனியர், என் மணிக்கட்டைப் பிடித்தார். "இது எங்க உட்காரும், சொல்லு." "பீட்டா ஏற்பியில, அண்ணே. தடுக்கும்." "எந்த பீட்டா?" "எல்லாமே." "அப்ப நெஞ்சுல?"

அப்போதுதான் உறைத்தது. கையில் நடுக்கத்தை அடக்கும் அதே உட்காரல், மூச்சுக்குழாயை இறுக்கும். வீஸிங் இருப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. அண்ணன் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார், வீஸிங் விஷயத்தைச் சொன்னார், அந்த மருந்து நின்றது. அக்கா பிறகு இன்ஹேலருக்கு மாறினார். மருந்துச் சீட்டை மாற்றுவது நம் வேலை கிடையாது என்பதைக் கவனியுங்கள். எழுதியவரைக் கூப்பிடுவது நம் வேலை.

இதே மூன்றாம் கேள்வியை இன்னும் சில அட்டைகளிடம் கேட்டுப் பாருங்கள். மார்ஃபின் உட்காரும் மியூ ஏற்பி மூளையில் இருக்கிறது, குடலிலும் இருக்கிறது. மூளையில் வலியைக் குறைக்கும், மூச்சை மந்தமாக்கும். குடலில் அசைவை நிறுத்தும், மலச்சிக்கல் வரும். லூஸ் மோஷனுக்குக் கொடுக்கும் லோப்பரமைடு 2 மி.கி.யும் அதே மியூ ஏற்பியில்தான் உட்காருகிறது என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மூளையின் வாசலில் அதை வெளியே தள்ளிவிடும் பம்பு இருப்பதால், சொன்ன அளவில் குடலோடு நின்றுவிடுகிறது. ஒருவருக்குப் பக்கவிளைவு, இன்னொருவருக்கு அதுவே வைத்தியம். சாயங்காலத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு வரும் பசங்களுக்கு ஏன் கறாராக இல்லை என்கிறோம் என்பதற்கும் இதுதான் காரணம். அவர்கள் கேட்கும் டேப்பென்டடால் உட்காருவதும் மியூவில்தான். மூச்சை நிறுத்துவது அந்த மருந்தின் கோளாறு அல்ல, அந்தச் சீட்டின் வேலை.

அலர்ஜி மாத்திரை அவில் தூக்கம் வரவழைக்கிறது, செட்ரிசின் அவ்வளவாக இல்லை. இரண்டும் எச்1. வித்தியாசம், யார் மூளைக்குள் எவ்வளவு நுழைகிறார் என்பதில். வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடும் டோம்பெரிடோனும் அப்படியே. இரண்டும் டோபமின் ஏற்பியைத் தடுப்பவை. முதலாவது மூளைக்குள் நன்றாகப் புகும், அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதாவது கழுத்து கோணிக்கொள்ளும்.

நான்காம் படி: எத்தனை பவர்?

"அந்த டாக்டர் 40 பவர் குட்த்தாரு. இவரு 5 பவர்தான் எழுதிக்கீறாரு. பத்துமா?" பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40-இலிருந்து அம்லோடிபின் 5-க்கு மாறியவர் கேட்பார். தினம் ஒருவராவது கேட்பார். மி.கி. என்பது எடை, வலு அல்ல. அழுத்தமாக உட்காரும் மருந்து கொஞ்சம் போதும், லேசாக உட்காருவது நிறைய வேண்டும். தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் என்றால், 20 நாள் போட்டால்தான் மொத்தம் 1 மி.கி. ஆகும். அதை யாராவது வலு இல்லாத மருந்து என்பார்களா? மைக்ரோகிராமையும் மி.கி.யையும் மாற்றிப் படித்தால் ஆயிரம் மடங்கு தப்பு என்பதை மட்டும் தூக்கத்திலும் மறக்காதீர்கள்.

டோஸை இரண்டு மடங்காக்கினால் பலனும் இரண்டு மடங்காகாது. சீட்டு நிறைந்த பிறகு ஏறுபவர் எங்கே போவார்? பக்கத்து ஆட்டோவுக்கு. மெட்டோப்ரோலால் இதயத்தின் பீட்டா 1-ஐத் தேடிப் போகும் மருந்துதான், ஆனால் டோஸ் ஏற ஏற அதுவும் பீட்டா 2-இல் உட்கார ஆரம்பிக்கும்.

ஐந்தாம் படி: எப்போது தெரியும்?

இது சின்னப் படி. சில ஏற்பிகள் நேராக ஒரு வாய்க்காலைத் திறப்பவை, கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடியும். பீட்டா ஏற்பி போன்றவை உள்ளே ஜி புரதம் வழியாக ஆள் மாற்றி ஆள் சேதி சொல்பவை, நொடிகளில் தொடங்கும். விற்பனையில் இருக்கும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தக் குடும்பத்தில்தான் உட்காருகிறது. இதன் உள்வேலையைக் காட்டிய லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஸ்டீராய்டு செல்லுக்குள்ளே போய், உட்கருவில் புதுப் புரதம் செய்யச் சொல்லும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

கவுண்டரில் இதற்கு என்ன பயன்? ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுத்துவிட்டு, "ஒண்ணுமே தெரியல, இது வேணாம்" என்று திருப்பிக் கொண்டுவருபவரிடம் பேச முடியும். இழுத்த உடனே தெரிவது சால்பியூட்டமால். இது நாளாக ஆகக் கேட்கும் மருந்து, நிறுத்தினால்தான் அருமை தெரியும் என்று சொல்லுங்கள்.

ஆறாம் படி: உடம்பு பதிலுக்கு என்ன செய்யும்?

உடம்பு சும்மா இருக்காது. ஓயாமல் தட்டினால் சீட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடும். ஓயாமல் அடைத்தால் புதுச் சீட்டுகளைப் போடும்.

மூக்கடைப்புக்கு ஆக்ஸிமெட்டாசோலின், ஸைலோமெட்டாசோலின் சொட்டு வாங்குபவர்களைப் பாருங்கள். முதல் நாள் சொர்க்கம். ஒரு வாரம் தாண்டினால் சொட்டு விட்டால்தான் மூக்கு திறக்கும், நேரம் போனால் முன்னைவிட இறுக்கமாக அடைக்கும். எங்களிடம் ஒரு லோடு ஆட்டோ டிரைவர் வாரத்துக்கு இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். சளி போய் மாதக் கணக்காகியிருந்தது. அவருக்கு மிச்சம் இருந்தது சொட்டு கொண்டுவந்த அடைப்புதான். மூன்று, மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்று பாட்டில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மறுபக்கம் பீட்டா பிளாக்கர். பல மாதம் அடைத்துவைத்ததால் இதயம் கூடுதல் சீட்டுகளைப் போட்டு வைத்திருக்கும். "அட்டை தீந்துடுச்சு, சம்பளம் வந்ததும் வாங்கிக்கிறேன்" என்று நான்கு நாள் விட்டால், அத்தனை சீட்டிலும் அட்ரினலின் ஏறி உட்காரும். படபடப்பு, பிரஷர், இதய நோயாளி என்றால் நெஞ்சுவலி, அட்டாக் வரைக்கும் போகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, யாருக்கு எதை முதலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பிரித்தோம். இன்சுலினும் வலிப்பு மாத்திரையும் பீட்டா பிளாக்கரும் முதல் பையில். கேஸ் மாத்திரை, விட்டமின் எல்லாம் தண்ணீர் வடிந்த பிறகு.

டீயை ஒரு நாள் விட்டால் தலை வலிப்பதும் இந்தக் கணக்குதான்.

ஏழாம் படி: பையில் வேறு என்ன இருக்கிறது?

ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் வருகிறார்களா, ஒருவர் கொடுப்பதை இன்னொருவர் பிடுங்குகிறாரா என்று பார்ப்பது. சளி சிரப்பில் குளோர்ஃபெனிரமின், கூடவே அலர்ஜிக்கு அவில், ராத்திரிக்கு செட்ரிசின். மூன்றும் எச்1. மூன்று பேரிடம் வாங்கியிருப்பார், நம்மிடம் வந்து "ஒரே மயக்கமா வருது" என்பார்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினம் ஓர் அட்டை எடுத்து, அது எங்கே உட்காருகிறது, தூண்டுகிறதா தடுக்கிறதா, அதே சீட்டு வேறு எங்கே என்று மூன்று வரி எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று: டாம்சுலோசின் 0.4 மி.கி. ஆல்ஃபா 1 ஏற்பி, தடுக்கும். புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பை வாயிலும் தசை தளர்ந்து மூத்திரம் இறங்கும். ரத்தக்குழாயிலும் கொஞ்சம் உண்டு, சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம்.

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் இந்தப் பக்கத்தை எழுதி மூன்றாம் நாள். ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு தாத்தா வந்தார். மூக்கு ஒழுகுகிறது, கடையில் விற்கும் சளி மாத்திரை ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டார். அவள் அட்டையைத் திருப்பிப் படித்தாள். பாராசிட்டமால், ஃபீனைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

"தாத்தா, மூத்திரத்துக்கு ஏதாவது மாத்திரை போட்டுக்கிறீங்களா?"

"அத்த ஏம்மா கேக்கற?" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். டாம்சுலோசின்.

அது தளர்த்தும் அதே ஆல்ஃபா 1-ஐத்தான் ஃபீனைல்எஃப்ரின் இறுக்கும். குளோர்ஃபெனிரமினோ அசிட்டைல்கோலின் சீட்டையும் அடைத்து, சிறுநீர்ப்பையை மந்தமாக்கும். ஒன்று வாசலைச் சாத்தும், மற்றொன்று உள்ளிருந்து தள்ளவிடாது. அப்படி அடைத்துக்கொண்டு விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அட்டையை டிராயரில் போட்டு மூடினாள். "இது உங்களுக்கு ஒத்துக்காது தாத்தா. இன்னிக்கு ஆவி பிடிங்க. நாளைக்கும் ஒழுகிச்சுன்னா இந்த ரெண்டு மருந்துப் பேரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று, சளி மாத்திரையின் பெயரையும் டாம்சுலோசினையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.